உருகும் பிளாஸ்டிக், உருகாத பிளாஸ்டிக்!

"பழைய பிளாஸ்டிக், உடைஞ்ச பக்கெட், குடம், பால் கவர்...!"

தெருவில் தள்ளுவண்டி வருகிறது. வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். கையில் ஓட்டை விழுந்த பச்சைக் குடம். ஓரம் உடைந்த முறம். கூடவே குக்கரின் கறுப்புக் கைப்பிடி ஒன்று. அது விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

வண்டிக்காரர் குடத்தைத் தராசில் வைக்கிறார். முறத்தையும் வைக்கிறார். கைப்பிடியை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திண்ணையிலேயே போட்டுவிடுகிறார்.

"ஏம்பா, அதுவும் பிளாஸ்டிக்தானே? நல்ல கனமாக் கூட இருக்கே!"

"வேண்டாம்மா. இது உருகாது. கடையில எடுக்க மாட்டாங்க."

வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? சூட்டில் உருகாத சாமான்தான் உசத்தி என்று வீட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வண்டிக்காரருக்கோ உருகினால்தான் காசு!

அவர் ரசாயனம் படித்தவர் அல்ல. ஆனால் ரசாயனப் புத்தகம் பல பக்கம் எழுதி விளக்கும் ஒரு பிரிவினையை அரை நொடியில் செய்து முடித்துவிட்டார். இந்தப் பிரிவினை தெரியாததால்தான் பல வீடுகளில் பாட்டில் சுருங்குகிறது. பையில் ஓட்டை விழுகிறது. சில சமயம் கையும் வெந்து போகிறது.

மெழுகும் இட்லியும்

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். உஷ்ணம் பட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தால், அந்தக் குடும்பம் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது.

ஒரு கிளை மெழுகு போன்றது. மெழுகைச் சூடாக்கினால் உருகும். ஆறினால் கட்டியாகும். மறுபடி சூடாக்கினால் மறுபடியும் உருகும். குடம், பக்கெட், பால் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் இந்தக் கிளை. இதற்குத் தெர்மோபிளாஸ்டிக் என்று பெயர்.

மற்றொரு கிளை இட்லி போன்றது. மாவு ஆவியில் வெந்தால் இட்லி ஆகிறது. அந்த இட்லியை மறுபடியும் அடுப்பில் ஏற்றினால் மாவாக மாறுமா? மாறாது. விடாமல் சுட்டால் கருகித்தான் போகும். குக்கரின் கறுப்புக் கைப்பிடி இந்த இனம். தொழிற்சாலையில் அச்சில் ஒரே ஒரு தடவை 'வேக' வைப்பார்கள். அதோடு சரி. இதன் பெயர் தெர்மோசெட்.

ஏன் இந்த வித்தியாசம்? பிளாஸ்டிக்கின் உள்ளே இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரக்கணக்கான சிறு கண்ணிகள். இப்படி நீண்ட சங்கிலிகள் இருக்க முடியும் என்று 1920-ம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னபோது, சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 72!

தட்டில் பிழிந்த இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஆனால் முடிச்சு எதுவும் இல்லை. குடத்தின் பிளாஸ்டிக் அப்படித்தான். சூடு ஏறினால் இழைகள் துள்ளும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். குடம் இளகும், பிறகு உருகும்.

இப்போது மீன் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இழையும் அடுத்த இழையோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. வலையை எவ்வளவு உலுக்கினாலும் இழைகள் வழுக்கிப் போகாது. கைப்பிடியின் பிளாஸ்டிக் இப்படிப்பட்டது. சூடு எல்லை மீறினால் இழையே அறுந்து போகும். அதைத்தான் நாம் கருகுவது என்கிறோம்.

தெருத்தெருவாக வந்து ஓட்டைக் குடம் ஒட்டிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சிய இரும்புக் கம்பியால் ஓட்டையின் விளிம்பை இளக்குவார்கள். பழைய குடத்திலிருந்து அறுத்த ஒரு துண்டை வைத்து இழைப்பார்கள். இரண்டும் உருகி ஒன்றாகும். குடத்துக்குக் குடத் துண்டுதான் சேரும். வேறு பிளாஸ்டிக்கை வைத்தால் இரண்டு நாளில் பெயர்ந்துவிடும். அந்தக் கைத்திறன் உள்ளவரிடம் குக்கர் கைப்பிடியைக் கொடுத்துப் பாருங்கள். கையை விரித்துவிடுவார்!

செருப்புத் தைப்பவரின் மகன்

உருகாத பிளாஸ்டிக்கை உலகுக்குக் கொடுத்தவர் லியோ பேக்லண்ட். பெல்ஜியம் நாட்டில் கெண்ட் நகரில் 1863-ல் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பையன் படிப்பில் சூரன். அமெரிக்கா போய், புகைப்படத் தாள் ஒன்றைக் கண்டுபிடித்து விற்று, பெரும் பணக்காரர் ஆனார். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் அரக்கின் மேல் கண் வைத்தார்.

அரக்கு நம் நாட்டுச் சரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. மின்சாரம் பரவிய காலத்தில், கம்பிகளுக்கு மேல் பூச அரக்கு ஏராளமாகத் தேவைப்பட்டது. பூச்சி சுரந்து, மனிதர் சுரண்டி எடுத்து, கப்பலில் போய்ச் சேர வேண்டும். தேவைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. இதற்கு மாற்றுச் சரக்கு செய்தால் என்ன என்று நினைத்தார் பேக்லண்ட்.

பீனால், பார்மால்டிஹைடு என்ற இரண்டு ரசாயனங்களைச் சேர்த்துச் சூடாக்கினார். இது புதிய யோசனை அல்ல. 1872-லேயே ஜெர்மனியில் அடால்ப் வான் பேயர் செய்து பார்த்ததுதான். அப்போது பாத்திரத்தின் அடியில் பிசின் போல ஒன்று பிடித்துக்கொண்டது. கரைக்க முடியவில்லை. உருக்கவும் முடியவில்லை. 'தொல்லை' என்று விட்டுவிட்டார்கள்.

பேக்லண்ட் யோசித்தார். கரையாதது, உருகாதது என்றால் அதுதானே வேண்டும்! ஆனால் சூடு ஏற்றியதும் அந்தப் பிசின் பொங்கி நுரைத்து, பொத்தல் பொத்தலாகக் கெட்டியானது. மற்றவர்கள் சூட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். இவர் நேர்மாறாகச் செய்தார். மூடிய இரும்புக் கலத்தில் வைத்து, அழுத்தம் கொடுத்து, சூட்டை மேலும் ஏற்றினார். நம் வீட்டுக் குக்கரின் அண்ணன் என்று அந்தக் கலத்தைச் சொல்லலாம். அழுத்தத்தில் நுரை அடங்கியது. கலத்தைத் திறந்தபோது உள்ளே பளபளப்பான, கெட்டியான கட்டி இருந்தது. இது 1907-ல். தம் பெயரையே சேர்த்து அதற்கு 'பேக்லைட்' என்று பெயர் வைத்தார். 1909-ல் உலகத்துக்கு அறிவித்தார்.

டெலிபோன், ரேடியோப் பெட்டி, கறுப்பு வட்ட சுவிட்ச் என்று எங்கும் பேக்லைட் வந்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டையும் எளிதில் கடத்தாது. அதனால்தான் குக்கருக்குக் கைப்பிடி ஆனது. விசில் அடிக்கும்போது குக்கரின் உள்ளே சுமார் 120 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் இருக்கும். பேக்லைட் சுமார் 150 டிகிரி வரை சிரமம் இல்லாமல் தாங்கும். ஆனால் அடுப்பின் ஜுவாலை ஆயிரம் டிகிரிக்கும் மேலே! சிறிய குக்கரைப் பெரிய பர்னரில் வைத்து, தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியை நக்கினால், அது உள்ளே கருகி விரிசல் விடும். திண்ணையில் கிடக்கும் கைப்பிடிக்கு வேறு காரணம் தேட வேண்டியது இல்லை.

கற்பூரம் கலந்த பிளாஸ்டிக்

பேக்லைட்டுக்கும் முந்தியது செல்லுலாய்டு. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தம் போதவில்லை. தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடித்தால் 10 ஆயிரம் டாலர் பரிசு என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் அச்சுத் தொழில் செய்துவந்த ஜான் வெஸ்லி ஹயட் அதில் இறங்கினார். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, அதோடு கற்பூரத்தைச் சேர்த்துச் சூட்டில் அழுத்தினார். ஆம், கற்பூரம்தான்! 1870-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சீப்பு, பொம்மை, பிற்பாடு சினிமா பிலிம் எல்லாம் அதில் வந்தன.

இது மெழுகுக் கிளையைச் சேர்ந்தது. வெந்நீர்ச் சூட்டிலேயே இளகும். ஆனால் இதன் துர்க்குணம் வேறு. நன்றாகச் சூடேறினால் தானே பற்றிக்கொள்ளும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதனுள்ளேயே இருப்பதால், மண் போட்டு மூடினாலும், தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது.

1929 டிசம்பர் 31. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகரம். ஒரு தியேட்டரில் குழந்தைகளுக்கான பகல் காட்சி. அரங்கு நிறைய சிறுவர் சிறுமியர். காட்டி முடித்த பிலிம் சுருள் ஒன்றைத் தகர டப்பாவில் வைத்திருந்தார்கள். அந்த டப்பா சூடாகிப் புகையைக் கக்கியது. அரங்கில் தீ பரவவே இல்லை. புகை மட்டும் வந்தது. பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடினார்கள். வழி அடைபட்டிருந்தது. நெரிசலில் 71 குழந்தைகள் மாண்டனர்.

எளிதில் பற்றாத வேறு பிலிம் வந்து, 1950-களின் தொடக்கத்தில் பழைய பிலிம் தயாரிப்பு நின்றது. இருந்தும் அது சேமிப்பு அறைகளில் காத்துக் கிடந்தது. 2003 ஜனவரியில் புனா நகரில் தீப்பிடித்து, இந்தியாவின் பழைய படச் சுருள்கள் ஏராளமாக எரிந்து போயின. மேஜைப் பந்து விளையாட்டில் மட்டும் செல்லுலாய்டு பந்து நெடுங்காலம் நீடித்தது. 2014-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளில் அதுவும் விடைபெற்றது.

100, 180

இனி அடுக்களைக்கு வருவோம். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். பஜ்ஜி பொரியும் எண்ணெய் சுமார் 180 டிகிரி. இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பிளாஸ்டிக்கின் யோக்கியதை புரிந்துவிடும்.

மெல்லிய பாலிதீன் பை சுமார் 110 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த பஜ்ஜியை நேராகப் பையில் போட்டால் ஓட்டை விழுவது இதனால்தான். கொதிக்கும் சாம்பாரில் பை உருகாது. 'ஒன்றும் ஆகவில்லையே' என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அது சரி அல்ல. பிளாஸ்டிக்கோடு கலந்துள்ள சில்லறை ரசாயனங்கள், சூட்டிலும் எண்ணெய்ப் பசையிலும் வேகமாக வெளியேறி உணவில் சேரும். கண்ணுக்குத் தெரியாது, ருசியிலும் தெரியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இத்தகைய பைகளுக்கும் உணவு கட்டும் தாள்களுக்கும் தடை வந்தது. ஓட்டலுக்குத் தூக்குச் சட்டி கொண்டு போன நம் தாத்தாக்கள் கெட்டிக்காரர்கள்!

தண்ணீர் பாட்டிலின் கதை இன்னும் விசித்திரம். அந்தப் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும். ஆனால் வெந்நீர் ஊற்றினால் உடனே சுருங்கிக் கோணுகிறது. ஏன்? முதலில் அது விரல் நீளத்தில் ஒரு தடித்த குழாய். அதைச் சூடாக்கி, காற்றை ஊதி, பலூன் போல விரித்துத்தான் பாட்டில் ஆக்குகிறார்கள். இழுத்துப் பிடித்த ரப்பர் போல அதன் இழைகள் விறைத்து நிற்கின்றன. 70, 80 டிகிரி சூடு பட்டதும் பிடி தளர்கிறது. பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது! குழந்தைக்கு வெந்நீர் ஆற்றி ஊற்றும் தாய்மார்கள் இந்தப் பாட்டில் பக்கமே போக வேண்டாம்.

சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் இந்தத் தண்ணீர் பாட்டில் சரக்கு. 3 என்றால் பி.வி.சி. 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இது 160 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே கொதிநீரைத் தாங்கும். இத்தாலியில் நாட்டா 1954-ல் உருவாக்கியது. 1963-ல் அவருக்கும் ஜெர்மனியின் சீக்ளருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 6 என்றால் பாலிஸ்டைரீன். 100 டிகிரி அருகில் இளகிவிடும். சூடான பண்டத்துக்கு ஆகாது.

பால் புட்டிக்கு ஒரு காலத்தில் பாலிகார்பனேட் வந்தது. கண்ணாடி போலத் தெளிவு; கொதிநீரில் வளையாது. ஆனால் சூட்டில் பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் கசிவது தெரிந்தது. 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் புட்டிகளைத் தடை செய்தது. உருகாமல் இருப்பது ஒன்று. உணவுக்கு ஏற்றதாக இருப்பது வேறு. மெலமைன் தட்டும் அப்படியே. அது இட்லிக் கிளை, உருகாது. ஆனாலும் மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது.

ஒட்டாத தோசைக்கல்லின் மேல் பூசியிருப்பது டெப்லான். 1938-ல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்கர் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. ஆனால் உருளையின் எடை குறையவும் இல்லை! அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். அதுதான் டெப்லான். 260 டிகிரி வரை கவலை இல்லை. ஆனால் வெறும் கல்லை முழுத் தீயில் வைத்து மறந்துவிட்டால் சில நிமிடங்களில் அந்த எல்லை தாண்டும். மிகவும் சூடேறினால் நச்சுப் புகை கிளம்பும். அந்தப் புகையில் கூண்டுக் கிளிகள் இறந்து போனது உண்டு. மனிதருக்குக் காய்ச்சல் வரும். தோசை வார்க்க இரும்புக் கல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் கிடையாது.

குளியல் அறை வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. போடக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் அது தாங்காது. சி.பி.வி.சி. என்று கேட்டு வாங்குங்கள். அது 90 டிகிரி வரை போகும்.

உடம்பில் உருகும் பிளாஸ்டிக்

நைலானும் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக் நூல்கள்தாம். இதை நாம் மறந்துவிடுகிறோம். அடுப்படியில் நிற்பவர் உடுத்தியிருப்பதும் அந்த மெழுகுக் கிளைதான்!

பருத்தியும் எரியும். வேகமாகவே எரியும். ஆனால் அது உருகாது, சாம்பலாகும். பாலியெஸ்டர் சுமார் 255 டிகிரியில் உருகும். நைலானில் சில வகை 220 டிகிரியிலேயே உருகும். உருகிய துணி தோலில் ஒட்டிக்கொள்கிறது. தீ அணைந்த பிறகும் அதன் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. காயம் ஆழமாவது இதனால்தான். தீபாவளியன்று பட்டாசு கொளுத்தும்போது பருத்தி உடுத்துங்கள் என்று ஆண்டுதோறும் சொல்வது சும்மா அல்ல. அடுப்பு தினமும் எரிகிறது! சமைக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். எந்தத் துணியானாலும் இது கட்டாயம்.

அப்படியும் தீப்பற்றிவிட்டால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். வெந்த இடத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, தோலோடு வந்துவிடும். மையும் மாவும் பற்பசையும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிளாஸ்டிக்கை எரிப்பது தனிப் பாவம். விறகு அடுப்பு மூட்ட ஒரு பால் கவர், போகியன்று பழைய பாய், ஒயர் என்று கொளுத்துகிறார்கள். பி.வி.சி. ஒயர் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. மூச்சின் ஈரத்தோடு சேர்ந்தால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். கக்கூஸ் கழுவும் ஆசிட் அதுதான்! கூடவே டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகலாம்.

எது என்ன பிளாஸ்டிக் என்று பார்க்கக் கொளுத்தி முகர வேண்டியது இல்லை. சிறு துண்டை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். குடம், பக்கெட், பால் கவர்ச் சரக்கு மேலே மிதக்கும். தண்ணீர் பாட்டில் துண்டும், பி.வி.சி.யும், பேக்லைட்டும் அடியில் போய்விடும்.

உருகாத பிளாஸ்டிக்கை உருக வைக்க முடியுமா என்றும் ஆராய்கிறார்கள். 2011-ல் பாரிஸ் நகரில் லுத்விக் லைப்லரும் அவர் குழுவினரும் புதுவகை ஒன்றைச் செய்து காட்டினார்கள். அந்த 'வலை'யில் சூடு ஏறினால் ஒரு முடிச்சு அவிழும்போது வேறோர் இடத்தில் முடிச்சு விழுகிறது. ஆகவே வலை கலையாமலே வடிவம் மாறுகிறது. அதற்கு விட்ரிமர் என்று பெயர்.

நம் தெரு வண்டிக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். குடமும் முறமும் அவரோடு போய்விட்டன. அவற்றை அரைத்து, உருக்கி, மறுபடி ஏதாவது சாமான் ஆக்குவார்கள். பிளந்த கைப்பிடியை அம்மாள் மறுபடி உள்ளே எடுத்துப் போகிறார். பாத்திரக் கடையில் கைப்பிடி தனியாகக் கிடைக்கிறது. அளவு பார்த்து வாங்குவதற்கு இந்தப் பழசையும் கையில் கொண்டு போக வேண்டும்.